கைத்தொழில் ஒத்துவருமா?

ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், வெல்டர், டர்னர், பிளம்பர், கொத்தனார், தச்சர், மோட்டார் மெக்கானிக் என்று கருவியும் கையும் சேர்ந்து செய்யும் வேலைகளில் இறங்கும் இளைஞர்களில், அந்த வேலை தமக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிட்டு இறங்குபவர்கள் குறைவு. பெரும்பாலும் மதிப்பெண்ணே முடிவு செய்துவிடுகிறது. மதிப்பெண் வந்தால் கல்லூரி, வராவிட்டால் ஐ.டி.ஐ. என்பது பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வீடுகளில் எழுதப்படாத விதி. கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறிய பையன், மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கை வெர்னியர் காலிப்பரில் படிக்க வேண்டிய தொழிலுக்கு மட்டும் எப்படிப் பொருத்தமானவன் ஆனான் என்று யாரும் கேட்பதில்லை. படிப்பு வராதவருக்குக் கைத்தொழில் என்ற எண்ணம் படிப்பைப் பற்றியும் தவறு, கைத்தொழிலைப் பற்றியும் தவறு.

பெரம்பலூர் மாவட்டத்துக் குரும்பலூரில் இந்த முடிவைக் கொஞ்சம் நிதானமாக எடுக்க வசதி இருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியாக இருந்து அரசுக் கல்லூரியான கலை அறிவியல் கல்லூரி ஊரிலேயே உள்ளது. அரசு தொழிற்பயிற்சி நிலையம் பத்து கிலோமீட்டருக்குள் பெரம்பலூரில் இருக்கிறது. ஆலத்தூர் வட்டத்தில் காரையிலும், அடுத்த மாவட்டத்தில் அரியலூரிலும் ஆண்டிமடத்திலும் வேறு நிலையங்கள் உண்டு. செலவும் பெரிய தடையில்லை. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையோடு சைக்கிள், சீருடை, காலணி, பாடநூல், வரைபடக் கருவி, பேருந்துப் பயண அட்டை தரப்படுகின்றன. அரசுப் பள்ளியில் படித்துவந்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கல்லூரியைப் போலவே ஐ.டி.ஐ.க்கும் இது பொருந்தும். தூரமும் பணமும் தடையாக இல்லாத இடத்தில், ஆளுக்கும் தொழிலுக்கும் உள்ள பொருத்தத்தைப் பார்த்தே முடிவெடுக்கலாம்.

சுற்றுவட்டாரத்தில் என்ன வேலை இருக்கிறது

பொருத்தம் பார்ப்பதற்கு முன் எந்தத் தொழிலுக்கு எங்கே வேலை என்று தெரிந்திருக்க வேண்டும். பெரம்பலூர் மாவட்டம் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் போடும் பூமி. ஆகவே மோட்டார் மெக்கானிக்குக்கும் காயில் கட்டுபவருக்கும் டிராக்டர் பழுது பார்ப்பவருக்கும் கிராமத்துக்குக் கிராமம் வேலை உண்டு. நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை, எறையூரில் சர்க்கரை ஆலை, அங்கேயே சிப்காட்டில் காலணித் தொழிற்சாலை, ஆங்காங்கே கல் குவாரிகளும் கிரஷர்களும். கிழக்கே அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. 1979-இல் தொடங்கிய அரசு சிமென்ட் ஆலையோடு ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு என்று தனியார் ஆலைகளும் அந்த வட்டாரத்தில் இயங்குகின்றன. தெற்கே திருச்சியில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை, துவாக்குடி பக்கம் அதைச் சார்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள், 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து மாற்றப்பட்ட பொன்மலை ரயில்வே பணிமனை.

இந்தப் பட்டியலில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆலையில் வேலை செய்வதெல்லாம் கைத்தொழில் ஆகிவிடாது. காலணித் தொழிற்சாலை வரிசையில் நாள் முழுவதும் ஒரே தையலைப் போடுபவருக்குச் சம்பளம் உண்டு, பி.எஃப். உண்டு, வீட்டுக்குப் பக்கத்தில் வேலை என்ற பெரிய நன்மையும் உண்டு; குறிப்பாகப் பெண்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த ஆலையை விட்டு வெளியே வந்தால் அவர் கையோடு எடுத்துவரும் திறமை அந்த ஒரு தையல்தான். அதே ஆலையின் பராமரிப்புப் பிரிவில் மிஷினைப் பிரித்துப் பூட்டும் ஃபிட்டர் எந்த ஊருக்கும் போகலாம். வேலைக்குச் சேரும்போது "ஐந்து வருஷம் கழித்து இங்கிருந்து போனால் எனக்கு என்ன தெரிந்திருக்கும்" என்று கேட்டுப் பார்த்தால் இந்த வித்தியாசம் விளங்கிவிடும்.

உடம்பும் கண்ணும்

சில தொழில்களுக்கு உடம்பே வாசலில் நிற்கும். எலெக்ட்ரீஷியன் ஆக நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது நிறக்குருடு உண்டா என்று கண் மருத்துவரிடம் பார்த்துக்கொள்வது. ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. மும்முனை இணைப்பில் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்று நிறத்தை நம்பியே கம்பி ஓடுகிறது. இரண்டாண்டு படித்து முடித்தபின் ரயில்வே மருத்துவப் பரிசோதனையில் இது தெரியவருவதைவிட, சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. தெரிந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஃபிட்டர், டர்னர், பிளம்பர் தொழில்களுக்கு அது பெரிய தடையில்லை.

உயரத்தில் நின்றால் தலை சுற்றுபவருக்குச் சாரம் ஏறும் வேலையும் கம்பத்தில் ஏறும் வேலையும் ஆகாது. ஆஸ்துமா உள்ளவர் கிரஷர் பக்கமும் சிமென்ட் ஆலை பேக்கிங் பக்கமும் போகக் கூடாது. வெல்டிங்கில் கண்ணாடி போடாமல் ஒரு நிமிடம் ஒளியைப் பார்த்தாலும் தண்டனை அப்போதே வராது. வீட்டுக்குப் போய்ப் படுத்தபின் நடுராத்திரியில் கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தல் எடுத்து நீர் கொட்டும். பட்டறைகளில் இதை விளையாட்டாகப் பேசுவார்கள். இரண்டு மூன்று முறை பட்டால்தான் வெல்டர் என்பார்கள். அப்படிச் சொல்லும் பட்டறையில் பழகாமல் இருப்பதே நல்லது. முகக்கவசமும் கையுறையும் கேட்டால் சிரிக்கிற இடத்தில் மற்ற பாதுகாப்பும் அதே லட்சணத்தில்தான் இருக்கும்.

இருபது வயதில் தாங்குவதை வைத்து மட்டும் உடம்பைக் கணக்குப் பார்க்கக் கூடாது. கொத்தனாருக்கு முழங்கால், டைல்ஸ் போடுபவருக்கு இடுப்பு, பிளம்பருக்குத் தோள்பட்டை நாற்பதுக்கு மேல் பேச ஆரம்பிக்கும். அதற்குள் மேஸ்திரியாகவோ, கணக்குப் பார்த்து வேலை எடுத்துச் செய்பவராகவோ, பயிற்றுநராகவோ மாறத் தெரிந்தவருக்கே அந்தத் தொழில் ஆயுள் முழுவதும் சோறு போடும். அந்த மாற்றத்துக்கு எழுத்தும் கணக்கும் வேண்டும். பத்தாம் வகுப்பையாவது முடித்துவிட்டுத் தொழிலுக்குப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

சலிப்பைத் தாங்குவது

கைத்தொழில் பிடித்திருக்கிறது என்று சொல்லும் பலருக்குப் பிடித்திருப்பது அதன் முடிவு. ஓடாத மோட்டார் ஓடுவது, இருண்ட வீட்டில் விளக்கு எரிவது யாருக்குத்தான் பிடிக்காது? தொழில் என்பது அந்தக் கணத்துக்கு முன்னால் உள்ள மணிநேரங்கள். அந்த நேரத்தை ஒருவர் எப்படிக் கழிக்கிறார் என்பதில்தான் பொருத்தம் தெரியும்.

ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவருக்கு முதலில் தரப்படுவது ஓர் இரும்புத் துண்டும் அரமும். துண்டை வைஸில் கடித்து, அரத்தைச் சீராக முன்னே தள்ளி, பின்னே வரும்போது அழுத்தாமல் இழுத்து, பரப்பைச் சமமாக்க வேண்டும். ட்ரை ஸ்கொயரை விளிம்பில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் ஒளி கசியும். கசியும் இடம் பள்ளம், கசியாத இடம் மேடு. மேட்டை ராவினால் அடுத்த பக்கம் சாயும். அதைச் சரிசெய்தால் அளவு குறைந்துவிடும், துண்டு வீண். அரத்தின் பல்லில் இரும்புத்தூள் அடைத்துக்கொண்டு பரப்பைக் கீறாமல் இருக்கச் சாக்பீஸ் தேய்த்துக்கொள்வார்கள். உள்ளங்கை கொப்பளிக்கும். மிஷின் ஐந்து நிமிடத்தில் செய்வதைக் கையால் ஏன் நாள்கணக்கில் செய்யவேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். அரத்தை எங்கே அழுத்தினால் எவ்வளவு தேயும் என்று கைக்குத் தெரிந்தவருக்குத்தான் பிற்பாடு லேத்திலும் அசெம்பிளியிலும் தவறு எங்கே என்று புலப்படும் என்பதே அதற்குப் பதில். சேர்ந்த சில வாரங்களில், ஒளி கசியாமல் நிற்கும்வரை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று தானாகவே துண்டைத் திரும்ப வைஸில் கடிப்பவர்கள் சிலர் தென்படுவார்கள். அவர்களுக்கு இந்தத் தொழில் ஒத்துவரும். பயிற்றுநர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும் என்று காத்திருப்பவருக்கு ஒத்துவராது; வேறு எதிலாவது அவர் கெட்டிக்காரராக இருக்கலாம்.

காயில் கட்டும் வேலையும் இதே ரகம். நீர்மூழ்கி மோட்டார் எரிந்துபோய்ப் பட்டறைக்கு வந்தால், பழைய சுற்றை வெட்டி எடுப்பதற்கு முன் எத்தனை ஸ்லாட், ஒரு ஸ்லாட்டில் எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், எந்தச் சுற்று எதோடு சேர்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். நீருக்குள் ஓடும் மோட்டாருக்குப் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி. அதை ஸ்லாட்டுக்குள் ஒவ்வொரு சுற்றாகக் கையாலேயே கோத்து இழுக்க வேண்டும். இழுக்கும்போது உறை ஓரிடத்தில் உரசிக் கிழிந்தாலும் தண்ணீருக்குள் இறக்கியதும் மோட்டார் போய்விடும். எண்ணிக்கை தவறினால் மோட்டார் ஓடும், ஆனால் ஆம்பியர் அதிகம் இழுத்துச் சூடாகி ஒரு மாதத்தில் திரும்ப வரும். நடுவில் செல்போன் அடித்தாலும் எண்ணிக்கையை விடாதவருக்கே இந்த வேலை. பேச்சுத்துணை இல்லாமல் இரண்டு மணிநேரம் உட்கார முடியாதவர், அதே மோட்டார் தொழிலில் குழாய் ஏற்றி இறக்கும் பக்கம் போகலாம். அங்கே நாலு பேர் சேர்ந்து சத்தம் போட்டுச் செய்கிற வேலை.

வெல்டிங்கில் சோதனை வேறு மாதிரி. முதல் நாள் ராடு இரும்பில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் பிடிக்கச் சிலருக்கு ஒரு மணிநேரம், சிலருக்கு ஒரு வாரம் ஆகும். இதில் தாமதமானவர் மோசமான வெல்டராவார் என்று எந்த விதியும் இல்லை. கிடைமட்டத்தில் நன்றாக ஓட்டுபவர் தலைக்குமேல் ஓட்டும்போது திணறுவார். குழாயைச் சாய்வாக நிறுத்தி அசையாமல் வைத்துச் சுற்றிலும் ஓட்டும் தேர்வுதான் உச்சம். கொதிகலன் குழாயில் போட்ட வெல்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெட்டி எறிந்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்வார்கள். இந்திய கொதிகலன் விதிமுறைகளின்படி தகுதி பெற்ற ஐ.பி.ஆர். வெல்டருக்கு உள்ள மரியாதை அதனால்தான். 1975-இல் திருச்சியில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே தொடங்கியது பெல். தன் வேலையை இன்னொருவர் சோதித்துத் தள்ளுபடி செய்வதைத் தன்மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்பவருக்கு இந்த உயர்ந்த வெல்டிங் சரிப்படாது. கேட் கிரில் அடிக்கும் பட்டறையில் அந்தத் தொல்லை இல்லை.

ஒரே தொழில், வேறு வேறு பிழைப்பு

தொழிலைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிவதில்லை. ஒரே எலெக்ட்ரீஷியன் படிப்பை முடித்த மூவரில் ஒருவர் ஆலையிலும் ஒருவர் ஊரிலும் ஒருவர் வளைகுடாவிலும் இருந்தால், அவர்களுடைய அன்றாடத்துக்குள் உள்ள தூரம் எலெக்ட்ரீஷியனுக்கும் பிளம்பருக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். எந்தத் தொழில் என்று யோசிப்பவர்கள் எந்தப் பிழைப்பு என்று யோசிப்பதில்லை.

ஆலை வேலையில் ஷிஃப்ட் உண்டு, மேலதிகாரி உண்டு, விதிமுறை உண்டு. சிமென்ட் ஆலைச் சூளைக்குள் வெப்பம் ஏறத்தாழ 1,450 டிகிரி. அதன் உட்சுவர்ச் செங்கலை மாற்றவும் தேய்ந்த பாகங்களைப் பார்க்கவும் ஆலையை அவ்வப்போது நிறுத்துவார்கள். அந்த ஷட்டவுன் நாட்களில் ஃபிட்டருக்கும் வெல்டருக்கும் ராப்பகலாக வேலை, கை நிறையக் கூலி. முடிந்ததும் ஒப்பந்தக்காரர் அடுத்த ஊர் ஆலைக்குக் கூப்பிடுவார். போக முடிந்தவருக்கு வேலை தொடரும். நிரந்தர வேலை குறைந்து ஒப்பந்த வேலை பெருகிவிட்ட காலத்தில் ஆலை என்றாலே நிலையான சம்பளம் என்று எண்ணுவது ஏமாற்றம் தரும். பெரிய நிறுவனங்களில் நுழைய நேர்வழி அப்ரண்டிஸ் பயிற்சி. 1961-ஆம் ஆண்டு சட்டப்படி நடக்கும் இதில், 2019 திருத்தத்தின்படி ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய். சேரும்போது நடப்பிலுள்ள தொகையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்ரண்டிஸ் முடித்தாலே அங்கேயே வேலை என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் பெல், ரயில்வே போன்ற இடத்தில் ஓராண்டு இருந்த சான்றிதழுக்கு வெளியே மதிப்பு உண்டு.

ஊரில் சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு மேலதிகாரி இல்லை, ஊரே மேலதிகாரி. விடியும் முன் போன் வரும்: "அண்ணே, மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. வெங்காயம் காயுது, கொஞ்சம் வந்து பாருங்கண்ணே." போய்ப் பார்த்துச் சரிசெய்வது பாதி வேலை. மீதிப் பாதி, அறுவடைக்குப் பிறகு தருகிறேன் என்ற பணத்தை உறவு கெடாமல் வாங்குவது. வாய் திறந்து கூலி கேட்கக் கூச்சப்படுபவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் சொந்தத் தொழிலில் திண்டாடுவார். எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லி, சொன்ன நாளில் போய் நிற்பவருக்கு, கை சுமாராக இருந்தாலும் ஆள் தேடி வரும். இது குணத்தைப் பொறுத்த விஷயம், எந்த ஐ.டி.ஐ.யிலும் பாடமாக இல்லை. கடை போடும் அளவுக்கு வந்தவருக்கு மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் திட்டங்கள் உண்டு. மின்பணியில் சட்டமும் உண்டு: ஐந்து வருட வயரிங் அனுபவமும் 21 வயதும் ஆனவர் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம், படித்துவந்தவருக்கு மின் உரிம வாரியத்தின் வயர்மேன் சான்று. கட்டட வேலை செய்பவர்கள் 18 முதல் 60 வயதுக்குள் 1994-இல் ஏற்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துவிட வேண்டும். விபத்து, கல்வி உதவி, ஓய்வூதியம் எல்லாம் அந்த அட்டையோடுதான்.

மூன்றாவது, வெளிநாடு. இந்த இரு மாவட்டங்களிலும் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ ஆள் போகாத தெரு கிடையாது. சிங்கப்பூர் கட்டட வேலைக்கு இங்கேயே திறன் தேர்வு எழுதிப் போக வேண்டும். "டெஸ்ட் அடிக்கப் போயிருக்கான்" என்று ஊரில் சொல்வது அதைத்தான். இதில் ஒத்துவருமா என்ற கேள்வி தொழிலைவிடத் தனிமையைப் பற்றியது. இரண்டு வருடம் குடும்பத்தைப் பார்க்காமல், ஒரு அறையில் பலரோடு, சொன்ன வேலையைச் சொன்னபடி செய்து பணம் அனுப்புவது சிலருக்கு முடிகிறது, சிலருக்கு முடிவதில்லை. பத்தாம் வகுப்பு முடிக்காதவரின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகளுக்கு அவர் அனுமதி பெற்றே போக முடியும். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. லட்சக்கணக்கில் கேட்பவரிடம் நகையை அடகு வைத்துக் கொடுப்பதற்கு முன், ஒன்றிய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பன் தொழில்

தமிழ்நாட்டில் கைத்தொழிலைப் பற்றிப் பேசும்போது சாதியை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1953-இல் ராஜாஜி அரசு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோர் தொழிலிலும் இருக்கும் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று பெயர் வாங்கி, எதிர்ப்பு வலுத்து, 1954-இல் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. எழுபது ஆண்டு கழித்து, பாரம்பரியக் கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை அது இருக்கிற வடிவத்தில் ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் தமிழக அரசு சொன்னதற்கும் இந்த நினைவே பின்னணி. அதற்கு மாற்றாக 2025-இல் வந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. குறைந்தபட்ச வயது 35. பதினெட்டு வயதில் படிக்கப் போகலாமா, அப்பன் பட்டறையில் உட்காரலாமா என்று தயங்கும் பிள்ளையைக் கடன் ஆசை காட்டி இழுத்துவிடக் கூடாது என்பதே இந்த வயது வரம்பின் நியாயம்.

தனி ஆளுக்கு இதில் பயன்படும் பாடம் ஒன்று உண்டு. அப்பன் தொழில் என்பதால் அது பிள்ளைக்குப் பொருந்தும் என்றும் சொல்ல முடியாது, பொருந்தாது என்றும் சொல்ல முடியாது. பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரையும் பக்கத்துத் தழுதாழையையும் எடுத்துக்கொள்ளலாம். வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில் ஒட்டுப்போடாமல் ஒரே கட்டையிலிருந்து சாமி சிலை செதுக்கும் இந்த ஊர்க் கைவினைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்ப சாஸ்திரம் சொல்லும் தாலக் கணக்கில் முகத்தின் நீளத்தை அளவுகோலாக வைத்து முழு உருவத்தையும் பிரித்துக் கோடு போடுகிறார்கள். உளியும் கொட்டாப்புளியும் அதற்குப் பிறகுதான். சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்த அளவுகள் கண்ணிலேயே இருக்கும். வெளியே இருந்து வருபவர் மாமல்லபுரத்தில் 1957 முதல் உள்ள அரசு சிற்பக் கல்லூரி போன்ற இடத்தில் அதைப் படித்துத்தான் பெற வேண்டும். முன்னவருக்குத் தொடக்கம் எளிது, அவ்வளவுதான். ஆர்டர் வரும் மாதமும் வராத மாதமும் சேர்ந்ததுதான் இந்தப் பிழைப்பு என்பதைப் பிறந்த வீட்டில் பார்த்தவர் அறிவார், பார்த்துவிட்டு வேண்டாம் என்றும் சொல்லலாம். அப்படிச் சொல்லும் பிள்ளையைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

பெண்கள் விஷயத்திலும் பொருத்தம் என்ற சொல்லுக்குப் பின்னால் வழக்கம் ஒளிந்திருக்கிறது. கட்டட வேலைக்கு வரும் ஆண் சித்தாள் சில வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிறார். முப்பது வருடம் கல்லும் கலவையும் சுமக்கும் பெண் கடைசிவரை சித்தாளாகவே இருக்கிறார். தூக்குக்குண்டைப் பார்த்துச் சுவர் கட்ட வலுவைவிடக் கண்தான் வேண்டும். கரண்டியை அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை என்பதுதான் விஷயம். ஐ.டி.ஐ.யில் சேர ஆண்களுக்கு 14 முதல் 40 வயது என்று வரம்பிருக்க, பெண்களுக்கு மேல்வரம்பு இல்லை. திருமணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகும் எலெக்ட்ரீஷியனோ டர்னரோ படிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாமலே போகிறது.

சேருவதற்கு முன் பார்ப்பது

வேலையைப் பக்கத்திலிருந்து பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை வேறில்லை. விடுமுறையில் தெரிந்த மெக்கானிக்கோடு ஒரு வாரம் கூடவே போய்வந்தால் பல மயக்கங்கள் தெளியும். கவனிக்க வேண்டியது வேலை மட்டுமல்ல: அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், வேலை இல்லாத நாளில் என்ன செய்கிறார், ஐம்பது வயதுக்காரர் யாராவது அந்தத் தொழிலில் இன்னும் இருக்கிறாரா என்பதும்தான். ஆனால் 18 வயது ஆகாதவரை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்துவது சட்டப்படி குற்றம். ஆகவே பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பார்க்கலாம், வெல்டிங் ராடைப் பிடிக்கக் கூடாது. அந்த வயதில் முறையாகக் கை வைத்துப் பார்க்க ஐ.டி.ஐ. பயிற்சிக்கூடமே வழி.

வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பு போதும். ஃபிட்டர், எலெக்ட்ரீஷியனுக்குப் பத்து வேண்டும். வெல்டர், பிளம்பர் ஓராண்டு; ஃபிட்டர், டர்னர், எலெக்ட்ரீஷியன் இரண்டாண்டு. சந்தேகம் உள்ளவர் ஓராண்டுப் பிரிவில் தொடங்குவது புத்திசாலித்தனம் என்று தோன்றலாம். ஆனால் குறுகிய காலம் என்பதற்காக மட்டும் பிடிக்காத பிரிவை எடுப்பது அந்த ஓராண்டையும் கெடுக்கும். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதால், மேலே படிக்கும் கதவு மூடிவிடுமோ என்ற பயமும் தேவையில்லை. 2022-இல் தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் நவீனத் தொழில்நுட்ப மையங்கள் அமைக்க முடிவெடுத்தது; ரோபாட்டிக்ஸ், சி.என்.சி., மின்வாகனப் பழுது போன்ற பிரிவுகள் அதன் வழியே வந்தவை. பெயர் கவர்ச்சியாக இருப்பதாலேயே அவற்றில் பாய வேண்டாம். அந்த மிஷின் இருக்கும் ஆலை எந்த ஊரில் இருக்கிறது, அங்கே போய்த் தங்க முடியுமா என்று கேட்டுவிட்டுச் சேரலாம்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு இணையவழி விண்ணப்பம் தொடங்குகிறது, அரசு ஐ.டி.ஐ.களிலேயே உதவி மையம் வைத்து நிரப்பித் தருகிறார்கள். அதற்கு முன்பே ஒரு நாள் பெரம்பலூர் நிலையத்துக்குப் போய், அனுமதி கேட்டு, பயிற்சிக்கூடங்களைச் சுற்றிப் பார்த்து வருவது நல்லது. கலந்தாய்வில் கேட்ட பிரிவு கிடைக்காவிட்டால், மிஞ்சிய இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும்போது கிடைத்ததில் சேரச் சொல்லி வீட்டில் நெருக்குவார்கள். அந்த நேரத்தில் அவசரப்பட வேண்டாம். ஃபிட்டர் ஆக விரும்பியவருக்கு டர்னரும் மெஷினிஸ்டும் கிட்டத்தட்ட அதே உலகம், எடுத்துக்கொள்ளலாம். சம்பந்தமே இல்லாத பிரிவு என்றால், அரியலூர், ஆண்டிமடம், காரை நிலையங்களில் இடம் இருக்கிறதா என்று அதே வாரத்தில் விசாரிக்க வேண்டும். அங்கும் இல்லையென்றால், கிடைத்த பிரிவில் இரண்டாண்டைப் போக்குவதைவிட அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்குக் காத்திருப்பதே மேல்.